கிளிப்பிங் டயோடுகளுக்குப் பதில் எல்இடி: ஒலி கூடுகிறது, கரகரப்பு ஏன் குறைகிறது?

ஆறுகம்பி:
வணக்கம். மின்கிதாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை வெரோபோர்டில் (துளைகளும் செப்புப் பட்டைகளும் கொண்ட பலகை) அமைத்திருக்கிறேன். ஆப்-ஆம்பின் (குறிகையைப் பெருக்கும் சில்லு) பின்னூட்டப் பாதையில், அதாவது வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் வழியில், அலையின் உச்சியை வெட்டுவதற்காக (கிளிப்பிங்) இருந்த இரண்டு 1என்4148 சிலிக்கான் டயோடுகளைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் 3 மி.மீ. சிவப்பு எல்இடிகள் இரண்டை எதிரெதிர்த் திசையில் பொருத்தினேன். ஒலி வெகுவாக உயர்ந்துவிட்டது. ஆனால் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் குமிழைக் குறைத்து வைத்தால் கரகரப்பு ஏறக்குறைய இல்லாமலே போகிறது. எவ்வளவு ஓங்கி மீட்டினாலும் எல்இடிகள் ஒளிர்வதாகவும் தெரியவில்லை. இணைப்பில் பிழை இருக்கிறதா, அல்லது இதுதான் இயல்பா? நீல எல்இடி போட்டால் இன்னும் நன்றாக இருக்குமா?

ஈயப்புகை:
இணைப்பில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. சிலிக்கான் டயோடு ஏறக்குறைய 0.6 வோல்ட்டில் கடத்தத் தொடங்குகிறது; சிவப்பு எல்இடிக்கு 1.5 முதல் 1.7 வோல்ட் வரை வேண்டும். அலையின் உச்சி அந்த அளவை எட்டும் வரை டயோடுகள் இல்லாததைப் போலவே சுற்று நடந்துகொள்ளும். வெட்டும் எல்லை கிட்டத்தட்ட மூன்று மடங்கு உயர்ந்திருப்பதால் வெளிவரும் ஒலியும் 9 டெசிபல் அளவுக்குக் கூடுகிறது.

டிரைவைக் குறைக்கும்போது நடப்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். வழக்கமான சுற்றில் பின்னூட்ட மின்தடை 51 கிலோ ஓம், அதனுடன் தொடராக 500 கிலோ ஓம் டிரைவ் குமிழ், தரைப் பக்கத்தில் 4.7 கிலோ ஓம். குமிழ் அடியில் இருக்கும்போது பெருக்கம் சுமார் 12. உச்சத்தில் சுமார் 118. அடியில் இருக்கையில் சிலிக்கானை எட்ட 55 மில்லிவோல்ட் உள்ளீடு போதும், சிவப்பு எல்இடியை எட்டவோ 150 மில்லிவோல்ட் தேவைப்படுகிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறிகையாக்கும் பகுதி) மென்மையான மீட்டலில் அவ்வளவு தருவதில்லை. தவிர, அந்த முழுப் பெருக்கமும் 720 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் கிடைக்கும் என்பதால் தடித்த கம்பிகளின் அடிச்சுரங்கள் இன்னும் தூய்மையாகவே கடந்துபோகும்.

நீல எல்இடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு 3 வோல்ட்டை ஒட்டிய அளவு வேண்டும். 9 வோல்ட் மின்கலத்தில் 4558 ஆப்-ஆம்பே மேலும் கீழும் அதைவிடச் சற்றுத்தான் கூடுதலாக எட்ட முடியும். வெட்டுவது எல்இடியா ஆப்-ஆம்பா என்று பிரித்துச் சொல்ல இயலாத நிலைதான் மிஞ்சும்.

முள்ளளவி:
ஒளிராததற்குக் காரணம் மின்னோட்டம். பின்னூட்டத்தில் இருக்கும் டயோடு வழியே ஓடுவது, உள்ளீட்டு மின்னழுத்தத்தை 4.7 கிலோ ஓமால் வகுத்தால் கிடைக்கும் அளவுக்கு மேல் போகாது. 200 மில்லிவோல்ட்டுக்கு அது சுமார் 40 மைக்ரோ ஆம்பியர். புதிய வகை எல்இடி சில இருட்டில் மங்கலாகத் தெரியலாம், அவ்வளவுதான்.

ராட் என்ற இன்னொரு கரகரப்புப் பெடலில் நிலைமை வேறு. அங்கே ஆப்-ஆம்பின் வெளியீடு 1 கிலோ ஓம் வழியாக வந்தபின், டயோடுகள் அதை நேராகத் தரைக்கு வெட்டுகின்றன. 4 வோல்ட் உச்சியும் சிவப்பு எல்இடியும் என்றால் 2 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடும்; ஒவ்வொரு மீட்டலுக்கும் அது மின்னுவதைக் கண்ணால் காணலாம். டர்போ ராட், மார்ஷல் கவ்னர் ஆகிய பெடல்கள் இவ்விதம் எல்இடியால் தரைக்கு வெட்டுபவையே. என் கருத்தில் எல்இடியின் இயல்பு முழுமையாக வெளிப்படுவது இந்த இடத்தில்தான். பின்னூட்டத்தில் வைத்தால் தூய உள்ளீடு வெட்டப்பட்ட அலையின் மேல் எப்போதும் சேர்ந்தே வருவதால் வேறுபாடு மழுங்கிவிடுகிறது.

செவிச்சான்று:
மேலுள்ள கணக்குகளை ஏற்கிறேன். ஆனால் எல்இடி போட்டதும் ஒலி 'திறந்துகொண்டது', 'வால்வு (வெற்றிடக் குழல் பெருக்கி) போல ஆகிவிட்டது' என்று பலரும் எழுதுவதில் பெரும்பங்கு அந்த 9 டெசிபலின் வேலைதான். உரக்கக் கேட்பது எதுவும் காதுக்கு நன்றாகவே படும். வால்யூம் குமிழால் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, எல்இடிக்கு டிரைவையும் ஏற்றிவிட்டுக் கேளுங்கள். மூன்று சிலிக்கான் டயோடுகளைத் தொடராக இணைத்தாலும் 1.8 வோல்ட்டை ஒட்டிய எல்லை கிடைக்கும். அதையும் எல்இடியையும் கண்ணை மூடிக்கொண்டு வேறுபடுத்துவது எளிதன்று. எஞ்சும் உண்மையான மாற்றம், அமுக்கம் (மெல்லிய, உரத்த ஒலிகளின் வேறுபாடு சுருங்குவது) குறைந்து விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி ஏறி இறங்குவது.

ஆறுகம்பி:
தெளிவான விளக்கங்களுக்கு நன்றி. ஒரு பக்கம் எல்இடியும் மறுபக்கம் 1என்4148-உம் வைக்கலாமா?

ஈயப்புகை:
தாராளமாக வைக்கலாம். அலையின் இரு பாதிகளும் வெவ்வேறு உயரத்தில் வெட்டப்படுவதால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் (அடிச்சுரத்தின் இரண்டு, நான்கு மடங்கு போன்ற அதிர்வெண்கள்) சேரும். பாஸ் எஸ்டி-1 பெடல் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மூன்று சிலிக்கான் டயோடுகளைக் கொண்டு இதைத்தான் செய்கிறது. எல்இடியின் எதிர்த்திசைத் தாங்குதிறன் பெரும்பாலும் 5 வோல்ட் என்றுதான் குறிக்கப்பட்டிருக்கும்; எதிரே இன்னொரு டயோடு இருக்கும் வரை அந்த அளவு ஒருபோதும் எட்டப்படாது. நடுவில் அணைநிலை உள்ள மும்முனைச் சுவிட்ச் ஒன்றைச் சேர்த்தால் சிலிக்கான், எல்இடி, டயோடே இல்லாத நிலை ஆகிய மூன்றையும் ஒரே பெடலில் ஒப்பிடலாம். நடுநிலையில் ஆப்-ஆம்ப் தானே வெட்டத் தொடங்கும்போது ஒலி திடீரென உயரும் என்பதால், முதலில் வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள்.