1996 பரோலோ வைன்: தக்கை முறிந்தது, நிறம் மங்கல், அடியில் மண்டி. கெட்டுவிட்டதா?

மூன்றாம்மாடி (சனி, மாலை 6.10)
இத்தாலியில், தொரினோவில் படிக்கிறேன். வீட்டுக்காரத் தாத்தா போன வருஷம் நிலவறையை ஒழித்தபோது ஒரு பாட்டில் கொடுத்தார். லேபிளில் பரோலோ, 1996. ஃபிரிட்ஜ் மேலே நிற்க வைத்திருந்தேன். நாளை மதியம் அவர் சாப்பிட வருகிறார், அதற்கு முன்னால் ஒரு தரம் பார்த்துவிடலாமே என்று இப்போது திறந்தேன். தக்கை பாதியில் முறிந்தது. மிச்சத்தைக் குடைந்ததில் தூளெல்லாம் உள்ளே. கிளாஸில் ஊற்றினால் சிவப்பையே காணோம். நடுவில் காய்ந்த மாதுளைத் தோல், ஓரத்தில் செங்கல் கரைத்த தண்ணீர். பாட்டிலின் அடியில் கறுப்பாக மண்டி. மழையில் நனைந்த சாக்கு வாடை வேறு. ஒரு வாய் குடித்தேன், கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி ஈறெல்லாம் இழுத்துக்கொண்டது. அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

உப்புக்கல் (6.18)
மாட்டிறைச்சியில் ஊற்றி மூணு மணி நேரம் வேகவிடு. அந்த ஊர்க்காரர்களே பிரசாத்தோ என்று அதைத்தான் செய்கிறார்கள். தாத்தாவுக்கும் சந்தேகம் வராது.

பலெர்மோ அண்ணை (6.31)
தம்பி, அவசரப்பட்டுச் சட்டியிலை ஊத்திப்போடாதேங்கோ. நான் இஞ்சை ரெஸ்ரோறன்ரிலை 20 வருசமாய்ப் போத்தல் திறக்கிறன்.

நிறத்திலை பிழையில்லை. பரோலோ செய்யிற நெபியோலோத் திராட்சைப் பழத்திலை சாயம் குறைவு, துவர்ப்பும் புளிப்பும் கூட. வயது போகப் போக ஓரம் செங்கல் நிறமாகும். 1996 போத்தல் கறுஞ்சிவப்பாய் வந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம். மண்டி எண்டது சாயமும் துவர்ப்பும் ஒண்டோடை ஒண்டு சேர்ந்து கனத்து அடியிலை இருந்தது. தக்கைத்தூள் ஒண்டும் செய்யாது.

மணம்தான் விசயம். கிளாசை அரை மணித்தியாலம் அப்பிடியே விட்டுப்போட்டு மணந்து பாருங்கோ. சாக்கு மணம் போனால், இவ்வளவு காலம் அடைஞ்சு கிடந்த மணம், அவ்வளவுதான். ஈர அட்டைப்பெட்டி மாதிரிக் கூடிக்கொண்டு வந்தால் தக்கையாலை வந்த பழுது. உடம்புக்கு ஒண்டும் செய்யாது, ஆனால் வைன் முடிஞ்சுது. வினிகர், நகப்பூச்சு மணத்தாலும் சரிவராது. வனிலா மணக்குதோ எண்டும் சொல்லுங்கோ.

வடிதட்டு (6.40)
ஃபிரிட்ஜ் மேலேயா! அடியிலும் பின்னாலும் வருகிற சூடெல்லாம் அங்கேதான் ஏறும். நிற்க வைத்ததில் தக்கையும் காய்ந்திருக்கும். இன்றைக்கே குடித்துவிடுங்கள், திறந்த பழைய வைன் மறுநாள் தாங்காது.

மூன்றாம்மாடி (7.05)
சாக்கு போயே போச்சு! காய்ந்த ரோஜா, கூடவே புதிதாய்த் தார் போட்ட ரோடு. வனிலா இல்லை. அதை ஏன் கேட்டீர்கள்?

பலெர்மோ அண்ணை (7.22)
தாரும் ரோசாவும் எண்டால் ஆள் நல்ல சுகமாய் இருக்கிறார்!

வனிலா கேட்டது ஒரு பழைய சண்டையாலை. பரோலோ செய்யிற லாங்கே மலைப்பக்கம் முந்தித் தோலோடை ஒரு மாதம், சில இடத்திலை இரண்டு மாதம் ஊறவிடுவினம். பிறகு ஆள் உள்ளுக்கை இறங்கக்கூடிய பெரிய ஓக் பீப்பாவிலை வருசக்கணக்காய்க் கிடக்கும். இளசிலை வாயிலை வைக்கேலாது. 80களிலை இளம் ஆக்கள் சிலபேர் ஊறுற நாளைக் குறைச்சு, பாரிக் எண்ட 225 லீற்றர் பிரெஞ்சுப் பீப்பாவுக்கு மாறிச்சினம். வனிலா அந்தப் புது மரத்தாலை வாறது. எலியோ அல்தாரே எண்டவர் தகப்பன்ரை பழைய பீப்பாக்களைச் சங்கிலி வாளாலை அறுத்தவர். தகப்பன் பிறகு சொத்திலை இருந்து அவரை விலக்கினதாய்க் கதை. மற்றப் பக்கம் பர்தோலோ மஸ்கரெல்லோ ‘பாரிக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்’ எண்டு லேபிளிலையே கீறினவர். பெர்லுஸ்கோனி இத்தாலிப் பிரதமராய் இருந்த ஆள். உங்கடை போத்தல் பழைய கைப்பக்குவம் போலை கிடக்கு. அந்த ஈறை இழுக்கிற துவர்ப்பும் அதுதான்.

வடிதட்டு சொல்லுறது வயது போன வேறை எத்தினையோ வைனுக்குச் சரி. ஆனால் 96 அங்கை புளிப்பும் துவர்ப்பும் விறைப்பான வருசம், ஒரு ராத்திரி தாங்கும். வாயை மூடி, நிமித்தி ஃபிரிட்ஜுக்குள்ளை வையுங்கோ. மேலை இல்லை, உள்ளுக்கை!

மூன்றாம்மாடி (7.26)
காபி ஃபில்டர் தாளில் வடிகட்டவா?

பலெர்மோ அண்ணை (7.30)
வேண்டாம், தாள் மணம் ஏறும். தெளிவை இறுத்து எடுங்கோ. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வெளியிலை எடுத்து, கழுத்துக்குக் கீழை போன் வெளிச்சத்தைப் பிடிச்சு, ஒரே சாய்வாய் மெல்ல ஊத்துங்கோ. கறுப்புக் கோடு கழுத்துக்கு வந்த உடனை நிப்பாட்டுங்கோ. தூள் வந்தால் தேத்தண்ணி வடி போதும்.

மூன்றாம்மாடி (ஞாயிறு, மாலை 5.40)
இறுத்ததில் நாலு கிளாஸ் தேறியது. நேற்றைவிடத் துவர்ப்பு அடங்கியிருந்தது, அதுவும் கறியோடு சேர்ந்தபோது தெரியவே இல்லை. மிஞ்சிய மண்டி உப்புக்கல் சொன்னபடி சட்டிக்குப் போனது. தாத்தா முதல் வாய்க்கு அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை, கையைக் காட்டினேன். ஃபிரிட்ஜைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவரிடம் இன்னும் ஒன்று இருக்கிறதாம். குடிக்கிற அன்றைக்குத்தான் தருவாராம்.