‘விடுவிக்கும் ஹார்மோன்’ வேண்டாம், ‘விடுவிப்பி’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உருவாகி, பிட்யூட்டரிச் சுரப்பி கார்ட்டிகோட்ரோபின் என்ற ஹார்மோனை வெளியிடச் செய்யும் ஒரு பெப்டைடுக்கு (சிறு புரதம்) ஆங்கிலத்தில் ‘corticotropin-releasing hormone’ என்று பெயர். அந்தக் கார்ட்டிகோட்ரோபின் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டுகிறது. எலி மூளையில் இந்தப் பெப்டைடு எங்கெங்கே உள்ளது என்று காட்டும் படத்துக்கு முன்மொழியப்பட்ட ‘கார்ட்டிகோட்ரோபின் விடுவிக்கும் ஹார்மோன்’ என்ற தொடரை நான் ஏற்கத் தயங்குவது இலக்கணம் கருதியே. ஐ உருபு தொக்கு நிற்பதால் கார்ட்டிகோட்ரோபினை விடுவிக்கும் ஹார்மோன் என்றும் படிக்கலாம். கார்ட்டிகோட்ரோபின் எதை விடுவிக்கிறதோ அந்த ஹார்மோன் என்றும் படிக்கலாம். இரண்டாவது பொருளில் அது எலியின் அட்ரீனல் சுரப்பி வெளியிடும் கார்ட்டிகோஸ்டிரோனைக் குறித்துவிடும். சேலத்தில் நான் விலங்கியல் கற்பிக்கும் வகுப்பில் ஒரு மாணவி, அட்ரீனல் சுரப்பியிலிருந்து புறப்படும் அம்புக்குறியின் மேல் இந்தப் பெயரை எழுதியிருந்தார். மதிப்பெண்ணைக் குறைக்க மனம் வரவில்லை; தமிழை அவர் சரியாகத்தான் படித்திருந்தார்.

‘கார்ட்டிகோட்ரோபின் தூண்டி’ என்பதும் உதவாது. தைராய்டு தூண்டும் ஹார்மோன் பிட்யூட்டரியில் சுரப்பது. ஹைப்போதலாமசுக்கு ஒரு படி கீழே உள்ள அதன் சொல்லை மேலே ஏற்றினால் குழப்பம் கூடும். மேட்டூரில் தண்ணீர் ‘திறந்துவிட்டார்கள்’ என்று நாள்தோறும் பேசும் எனக்கு முதலில் ‘திறப்பி’ என்ற சொல்தான் தோன்றியது. ஆனால் ஈழத்து நண்பர்களுக்குத் திறப்பு என்றால் சாவி. அவர்களுக்கு அது வேறெதையோ நினைவூட்டும்.

ஆகவே ‘கார்ட்டிகோட்ரோபின் விடுவிப்பி’ என்கிறேன். இதில் ‘ஹார்மோன்’ இல்லாததைக் குறை என்று சிலர் கருதலாம். எனக்கு அதுவே நிறை. 1981இல் அமெரிக்க ஆய்வாளர் வைலி வேலின் குழுவினர் செம்மறியாட்டின் ஹைப்போதலாமசிலிருந்து பிரித்தறிந்த, 41 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் பெப்டைடை, 1983இல் ஸ்வான்சனும் உடன்பணியாளர்களும் எதிர்ப்பொருள் கொண்டு எலி மூளையில் தேடியபோது, பிட்யூட்டரிக்கு வழிகாட்டும் ஹைப்போதலாமஸ் நரம்பணுக்களில் மட்டுமன்றி, உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவிலும் மூளைத்தண்டிலும் கண்டார்கள். அமிக்டலாவில் அது நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்துகிறது; குருதியில் கலந்து பிட்யூட்டரியை எட்டும் வேலை அதற்கு அங்கே இல்லை. அந்த இடத்தில் அதை ஹார்மோன் என்பது பொருந்தாது. ஆங்கிலத்திலும் பலர் ‘ஹார்மோன்’ என்பதை விடுத்து ‘ஃபேக்டர்’ என்றே எழுதுகிறார்கள்.

படத்தின் தலைப்பில் ‘பரவல்’ என்ற சொல்லையும் மாற்றலாம். பெப்டைடு உருவாவது நரம்பணுவின் உடலத்தில். சேர்வதோ நரம்பிழையின் நுனியில். கோல்சிசின் என்ற வேதிப்பொருளைச் செலுத்தி இழைவழிக் கடத்தலைத் தடுத்தால்தான் உடலங்களில் பெப்டைடு தேங்கி, அதைக் காட்டும் சாயம் நன்றாகப் பிடிக்கும். எனவே ‘உடலங்களின் இருப்பிடம்’, ‘இழைகளின் இருப்பிடம்’ என இரு குறிகள் தேவை; ‘பரவல்’ இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது.