அனோடைசிங்கிற்குத் தமிழ்ச் சொல்: புறக்காழா, நேர்மின்வாயாக்கமா?

மொழிபெயர்ப்பாளர், சூரமங்கலம்:

குழுவினருக்கு வணக்கம். சேலத்துத் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான இயந்திரப் பணிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கடைசல், துருவல், துளையிடல் இயல்கள் மெய்ப்புத் திருத்தம் முடிந்து அச்சகத்துக்குப் போய்விட்டன. மேற்பரப்புச் செப்பம் பற்றிய இயல் மட்டும் ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அதையும் கொடுத்தாக வேண்டும்.

அலுமினியப் பாகத்தை நீர்த்த கந்தக அமிலத் தொட்டியில் நேர்மின்வாயாக (அனோடு) மாட்டி மின்சாரம் செலுத்தி, அதன் மேற்பரப்பையே கெட்டியான ஆக்சைடாக மாற்றும் முறையைப் பட்டறைகளில் அனோடைசிங் என்கிறார்கள். மூலத்தில் இச்சொல் பெயராகவும் வினையாகவும் எச்சமாகவும் வருகிறது. ஆதலால் வேற்றுமை உருபும் விகுதியும் இடறாமல் ஏற்கும் சொல் தேவை. மின்முலாம் என்றே போட்டுவிடலாமே என்று அச்சகத்தார் கேட்கிறார்.

பட்டறை உரிமையாளர், கருப்பூர்:

ஐயா, மின்முலாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு முலாம் போடும்போது கொலுசு எதிர்மின்வாயில் தொங்கும். கரைசலில் உள்ள உலோகம் வந்து அதன்மேல் படியும். இங்கே பாகம் நேர்மின்வாயில் தொங்குகிறது. வெளியிலிருந்து எந்த உலோகமும் வந்து படிவதில்லை. முலாம் என்று படித்துவிட்டு வரும் பையன் இணைப்பை மாற்றிக் கொடுத்தால் பாகத்தின்மேல் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்புமே தவிரப் படலம் உண்டாகாது.

அதைவிடப் பெரிய சிக்கல் அளவில் இருக்கிறது. முலாமின் தடிமன் முழுவதும் வெளிப்பக்கமாகச் சேரும். அனோடைசிங்கில் படலத்தின் ஒரு பங்கு வெளியே வளரும், மறு பங்கு உலோகத்தைத் தின்று உள்ளே இறங்கும். 20 பாகை செல்சியஸ் அளவில் செய்யும் சாதாரண முறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வெளியே நிற்கும். தொட்டியை 0 பாகைக்கு அருகில் குளிரவைத்துச் செய்யும் கடின முறையில் பாதி வெளியே, பாதி உள்ளே. அப்படியானால் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கடினப் படலம் போட்ட தண்டின் விட்டம் 50 மைக்ரான் கூடும், துளையின் விட்டம் 50 மைக்ரான் குறையும். 60 பாகைத் திருகுமரையில் இது இன்னும் கடுமையானது. வெளியே வளர்ந்த 25 மைக்ரானைப் போல நான்கு மடங்கு அதன் இடைவிட்டம், அதாவது மரைப் பற்களின் நடுப்பகுதியில் அளக்கும் விட்டம், மாறிவிடும். கடைசல்காரர் இதைக் கணக்கில் கொண்டு முன்கூட்டியே கழித்துக் கடையவேண்டும்; இல்லையென்றால் பேரிங் துளைக்குள் இறங்காது. ஆகவே, படலம் உலோகத்திலிருந்தே விளைகிறது என்பதைச் சொல் உணர்த்த வேண்டும். எந்தச் சொல்லானாலும் எனக்குச் சம்மதம், பூச்சு என்ற எண்ணம் மட்டும் அதில் வரக்கூடாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அம்மாபேட்டை:

முலாம் தமிழும் அன்று. அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. பொருளும் பொருந்தவில்லை என்று பட்டறை நண்பர் நிறுவிவிட்டதால் அதை இத்தோடு விட்டுவிடலாம்.

தன்னுள்ளிருந்தே விளைந்து புறத்தே உறைந்து நிற்கும் வன்மைக்குத் தமிழில் பெயர் இல்லாமல் இல்லை. தொல்காப்பிய மரபியல் ‘புறக்கா ழனவே புல்லென மொழிப’ என்றும் ‘அகக்கா ழனவே மரமென மொழிப’ என்றும் வகுக்கிறது. காழ் என்றால் வயிரம், மரத்தின் வன்பகுதி. மூங்கிலும் பனையும் புறத்தே வயிரம் உடையவை, ஆதலால் புல். மூங்கிலின் வன்மையை யாரும் அதன்மேல் பூசவில்லை. அது மூங்கிலே ஆகியது. நம் அலுமினியப் பாகமும் அவ்வாறே அகம் மென்மையும் புறம் வன்மையும் கொண்டது. ஆகவே படலம் புறக்காழ், செயல் புறக்காழ்ப்பு. வினைக்குக் குறளே சான்று: ‘இளைதாக முள்மரம் கொல்க களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து.’ முதிர்ந்து வன்மையுறுதல் என்ற பொருளில் காழ்த்தது, காழ்க்கும், காழ்த்த என எல்லா வடிவமும் தடையின்றி வரும்.

காழ் என்பதற்கு விதை, தூண், மணிவடம் என்ற பொருள்களும் உண்டு. இவை யாவும் உறுதி என்ற ஒரே வேரில் கூடுகின்றன என்பது என் துணிபு. மூங்கிலுக்குக் கழை என்று பெயர் வந்ததற்கும் இதற்கும் உறவிருக்கலாம். அதை விரித்துத் தனியே எழுதுவேன்.

வேதியியல் ஆசிரியை, ஏற்காடு:

ஐயாவின் சொல் அழகானது. ஆயினும் எனக்கு இரண்டு தடைகள் உள்ளன. அந்தப் படலம் முழுவதும் கெட்டிப் பொருளன்று. அடியில் மெல்லிய தடுப்புப் படலம், அதன்மேல் செங்குத்தான நுண்துளைகள் நிறைந்த அறுகோண அறைகள் என்று அது அமைந்திருக்கிறது. அந்தத் துளைகளில்தான் சாயம் ஏறுகிறது. பிறகு ஏறக்குறையக் கொதிக்கும் நீரில் வைக்கும்போது ஆக்சைடு நீரை ஏற்றுப் பருத்துத் துளைகளை அடைக்கிறது. அழகுக்காகச் செய்யும் அனோடைசிங்கை வன்மையை மட்டும் சொல்லும் காழ் எப்படி உணர்த்தும்?

மற்றொன்று, மாணவர் பள்ளியிலேயே நேர்மின்வாய் என்ற சொல்லைப் படித்துவிட்டு வருகிறார். நேர்மின்வாயாக்கம் என்றால் பாகத்தை எந்த முனையில் இணைப்பது என்ற செய்தியைச் சொல்லே தந்துவிடும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் சேர்வராயன் மலையின் பாக்சைட் மேட்டூர் ஆலைக்குப் போய் அலுமினியமாகியது. மின்சாரத்தால் ஆக்சிஜனை நீக்கிப் பெற்ற உலோகத்துக்கு அதே மின்சாரத்தால் ஆக்சிஜனைத் திருப்பித் தருவதே இந்த முறை. கொதிநீரில் துளையடைத்த பின் உண்டாகும் போமைட்டு, பாக்சைட்டில் காணப்படும் கனிமங்களுள் ஒன்று. மீளாக்கம் என்ற கருத்தும் இதில் பொதிந்திருக்கிறது.

தமிழாசிரியர், அம்மாபேட்டை:

அம்மா, அனோடு என்ற சொல் 1834-இல் ஃபாரடே வழங்கியது. கிரேக்கத்தில் அதற்கு மேல்வழி என்பதே பொருள். அதில் படலமும் இல்லை, அலுமினியமும் இல்லை. அவர்கள் சொல்லில் இல்லாத குறையை நாம் ஏன் பெயர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்? மேலும் பேட்டரி மின்சாரம் தரும்போது அனோடு எதிர்முனை ஆகிறதே. அங்கே நேர்மின்வாய் என்ற பெயரே பொய்க்கிறது.

வேதியியல் ஆசிரியை, ஏற்காடு:

அது மின்கலத்துக்கு உரிய சிக்கல், ஐயா. மின்னாற்பகுப்புத் தொட்டியில் அனோடு எப்போதும் நேர்முனையே.

மென்பொருள் பணியாளர், அஸ்தம்பட்டி:

‘வடசொற் கிளவி வடஎழுத் தொரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே’ என்று, வடவெழுத்தை விலக்கித் தமிழ் எழுத்தால் எழுதினால் வடசொல்லையும் ஏற்கலாம் என அதே தொல்காப்பியர் வழி விட்டிருக்கிறார். பிற மொழிச் சொல்லுக்கும் அதைக் கொள்ளலாம். அனோடாக்கம் என்று கொண்டால் பட்டறைக்காரருக்கும் புரியும், தமிழ் ஒலிமரபும் கெடாது.

பட்டறை உரிமையாளர், கருப்பூர்:

என் பட்டறையில் புறக்காழ்ப்பு என்று சொல்லிப் பார்த்தேன். பையன்களுக்குக் காழ்ப்புணர்ச்சிதான் நினைவுக்கு வந்தது. யாருக்கு யார்மேல் பகை என்று கேட்டார்கள். ஆனால் மூங்கிலைக் காட்டி விளக்கியதும் பிடித்துக்கொண்டார்கள். வயிரம் பாய்ந்த கட்டை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த பேச்சு.

அம்மா கேட்டதற்கும் பட்டறையில் விடை உண்டு. தேய்மானத்துக்காகவே போடும் கடினப் படலத்தை நாங்கள் பெரும்பாலும் சீலிங் (அம்மா சொன்ன, துளைகளை அடைக்கும் வேலை) செய்வதில்லை, செய்தால் அதன் தாங்குதிறன் குறையும். அழகுக்கும் வெயில் மழைக்கும் போடுவதைக் கட்டாயம் சீலிங் செய்வோம். ஆகவே கடின முறைக்குக் காழ் மிகவும் பொருந்தும், சாய முறைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இன்னொரு வேண்டுகோள்: 6061, 6063 என்ற அலுமினியக் கலவைகளில் நிறம் தெளிவாக வரும், சிலிக்கான் மிகுந்த வார்ப்பில் சாம்பல் பூத்துவிடும். எந்தச் சொல் வந்தாலும் இந்த வரி கையேட்டில் விடுபட்டுவிடக் கூடாது. கூர்விளிம்புகளில் படலம் விரிசல் விடும், ஆதலால் விளிம்பை மழுக்கச் சொல்லுங்கள்.

தமிழாசிரியர், அம்மாபேட்டை:

காழ்ப்பு என்பதால் மயக்கம் வருமானால் புறக்காழாக்கம் என்று கொள்ளலாம். புறக்காழேற்றம் என்று மட்டும் வேண்டா. ஏற்றுவது வெளியிலிருந்து வருவது, நீங்கள் விலக்கச் சொன்ன பூச்சே வேறு வாசல் வழியாக நுழைந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர், சூரமங்கலம்:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் கருத்துச் சொன்னவர்களையும் சேர்த்தால் நேர்மின்வாயாக்கத்தின் பக்கமே மிகுதி. பாடநூல் வழக்கோடு ஒத்துப்போகிறது என்பதே பலரும் சொன்ன காரணம். இயலின் தலைப்பிலும் வினைகளிலும் அதையே ஆள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் அனோடைசிங் என்ற பட்டறைச் சொல்லும் உடன் இருக்கும். விளையும் படலத்தைப் புறக்காழ்ப் படலம் என்று எழுதுகிறேன். அளவு மாற்றத்தை விளக்கும் பத்தியில் மூங்கில் உவமையும் வருகிறது. சீலிங்கிற்குத் துளையடைப்பு என்று போட்டிருக்கிறேன்.

தமிழாசிரியர், அம்மாபேட்டை:

பெரும்பான்மைக்கு இணங்குகிறேன், உடன்படவில்லை. செயலுக்கு ஒரு வேர், அதன் விளைவுக்கு வேறு வேர் என்றால் மாணவன் இரண்டையும் இணைத்துப் பார்க்கமாட்டான். நேர்மின்வாயாக்கப்பட்ட என்று வரியின் நடுவில் வரும்போது அச்சுக் கோப்பவரே தடுமாறுவார். புறங்காழ்த்த என்பது அதைவிட எவ்வளவோ குறுகியது. அடுத்த பதிப்பில் இந்தச் சொல்லை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போதே பதிவு செய்கிறேன். துளையடைப்பையும் நான் ஏற்கவில்லை. துளையை வேறு எதுவும் வந்து அடைக்கவில்லை, சுவரே பருத்துக் கூடுகிறது என்று ஆசிரியை அம்மாவே எழுதியிருக்கிறார். துளைகூம்பல் என்பதை மெய்ப்பு போவதற்குள் எண்ணிப் பாருங்கள்.