விடுதிப் பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்கலாமா?

கோத்தகிரி_வார்டன்:
13 முதல் 17 வயது வரையுள்ள பெண் பிள்ளைகள் தங்கும் இல்லம். பலர் வீட்டில் அடி உதையும் பாலியல் தொல்லையும் பட்டு வந்தவர்கள். மே லீவு முடிந்து திரும்பும்போது சிலருக்குப் பேச்சே நின்றுபோகிறது. "சாகணும்னு தோணுதா?" என்று நேரே கேட்டால் நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா? "ஆமா" என்றால் அந்த ராத்திரி என்ன செய்வது?

குன்னூர்_ஆலோசகர்:
கேளுங்க மேடம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, ஆய்வுகளில் தெளிவான விஷயம் இது. "தப்பா ஒண்ணும் யோசிக்கலையே?" என்று கேட்டால்தான் ஆபத்து. அது "இல்லை" என்ற பதிலை நாமே எடுத்துக்கொடுப்பது.

அவள் நம்பும் ஒருவர் மட்டும், தனியாக உட்கார்ந்து கேட்கட்டும். "செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா? எப்படின்னு யோசிச்சிருக்கியா? முன்னாடி முயற்சி பண்ணியிருக்கியா? இப்போ, இந்த நேரத்துல தோணுதா?" கடைசிக் கேள்விக்கு "ஆமா" என்றாலோ, மனதில் திட்டம் இருந்தாலோ, அன்றைக்கே மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். அதுவரை கண்பார்வையிலேயே இருக்கட்டும், ஆனால் தனி அறையில் பூட்டாதீங்க. தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வாள். "இனிமே பண்ண மாட்டேன்"னு சத்தியமும் வாங்காதீங்க. அதனால் பாதுகாப்பு அதிகமாகாது, அடுத்த முறை தோன்றும்போது மறைக்கத்தான் செய்வாள்.

ராத்திரி என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்காமல் 108. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும், அதனால் மாற்று வண்டியும் பக்கத்து ஆஸ்பத்திரி நம்பரும் இப்போதே எழுதி ஒட்டிவையுங்க.

கூடலூர்_நர்ஸ்:
மலையில் ஒரு சிக்கல். வருஷம் முழுக்க ஸ்வெட்டர் என்பதால் கையில் கீறிக்கொண்ட தழும்பு யார் கண்ணிலும் படாது. துணி துவைக்கும்போதும் கையைச் சுருட்ட மறுத்தால் கவனியுங்க. எல்லார் முன்னும் கழற்றச் சொல்லாமல், மாதாந்திர எடை, உயரம் பார்க்கும்போது நர்ஸ் தனியாகப் பார்க்கட்டும்.

இல்லத்து மாத்திரைகளைப் பூட்டி, ஒரு வேளை டோஸை மட்டும் கையில் கொடுத்து, விழுங்குவதைப் பார்க்கணும். தேயிலைத் தோட்டத்துப் பூச்சி மருந்து, எலி மருந்து எதுவும் வளாகத்திலேயே வேண்டாம். சாகணும் என்ற கொந்தளிப்பு பெரும்பாலும் சில நிமிஷம், சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பதே பாதி காப்பாற்றல்.

உதகை_சட்டம்:
லீவில் வீட்டுக்கு அனுப்பியது யாரிடம் என்று முதலில் பாருங்க. தொல்லை கொடுத்தவன் அதே வீட்டில் இருந்தால், குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுதி அனுப்புவதை நிறுத்தணும். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் போக்சோ 2012 (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்), பிரிவு 19 படி போலீஸுக்குச் சொல்லியே ஆகணும். ஆதாரம் தேடும் வேலை உங்களுடையது இல்லை. சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை. ஆகவே "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு வாக்குக் கொடுக்காதீங்க. "உன்னைக் காப்பாத்த ரெண்டு பேர்கிட்ட சொல்லணும், யார்னு உனக்குச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லுங்க. வழிகாட்ட 1098, குழந்தைகள் உதவி எண், இருக்கு.

தற்கொலைக்கு முயற்சி செய்தால் வழக்கு வருமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதிப்பவர்கள் இன்னும் இருக்காங்க. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 115 படி கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே கருதணும், தண்டிக்கக் கூடாது.

குன்னூர்_ஆலோசகர்:
ஒன்று விட்டுப்போச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய முதல் சில வாரங்கள்தான் ரொம்பக் கவனம். ராத்திரி வார்டன் மாறும்போது நோட்டில் கையெழுத்து மட்டும் போதாது, எந்தப் பிள்ளையைக் கவனிக்கணும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போகணும்.