ஆராதனை முடிந்த சாயாவும் சீனிப் பாத்திரமும்

பாறசாலை மருமகள்:
மார்த்தாண்டத்தில் பிறந்து எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாயா (டீ) போடுவது பெண்கள் ஐக்கிய சங்கம்தான். அடுப்பு முறை வருகிறவளுக்குப் பிரசங்கத்தின் கடைசிப் பகுதி எப்போதும் கிடையாது, பாதியில் எழுந்துபோய்ப் பாலைப் பார்க்க வேண்டும். (போதகர் நீட்டினால் பால் சுண்டும், சுருக்கினால் சாயா ஆகியிருக்காது. இரண்டுக்கும் ஏச்சு எங்களுக்கு.)

போன வருஷம் சாமான் வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. 200 பேருக்கு 2 கிலோ சீனி. அதுதான் வழக்கம் என்றார்கள். வீட்டில் தாளில் எழுதிப் பார்த்தேன். ஆளுக்கு 10 கிராம், அந்தச் சின்னப் பேப்பர் கப்பில் இரண்டரை டீஸ்பூன்! ஒரு நாள் முழுவதற்குமே 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் ஆட்கள் இரண்டாவது கப் வாங்காமல் போவதில்லை. வீட்டுக் காப்பியும் மத்தியானம் விருந்தாளிக்கு உடைக்கிற கலரும் அதற்கு மேலே. முன்வரிசை மாமாக்களில் பாதிப்பேர் சுகர் மாத்திரை போடுகிறவர்கள்.

அடுத்த முறை சீனி போடாமலே இறக்கி, பக்கத்தில் பாத்திரமும் ஸ்பூனும் வைத்தேன். கமிட்டி மாமா ஒருவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஏற்ற துணைன்னா இனிப்பா இருக்கணும் பிள்ளே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வயிறு எரிந்தது.

ராத்திரி வேதத்தைப் புரட்டினேன். ஆதியாகமம் 2:18-ல் ஆதாமுக்குப் பெண் 'ஏற்ற துணை'. சங்கீதம் 33:20-ல் "அவரே நமக்குத் துணையும் நமக்குக் கேடகமுமானவர்". அங்கே துணை கர்த்தர்! போதகரம்மாவிடம் கேட்டேன். இரண்டு இடத்திலும் எபிரெயுவில் 'ஏசெர்' என்கிற ஒரே சொல்தானாம். பழைய ஏற்பாட்டில் பெண்ணைக் குறித்து அது இரண்டே இடத்தில், ஆதியாகமத்தின் அந்த ஒரே அதிகாரத்தில் வருகிறது. மற்றதில் பெரும்பாலும் தேவனைக் குறித்துத்தான். கேடகத்தோடு சேர்த்துச் சொல்லுகிற துணை, கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கிற துணையாக இருக்க முடியுமா? நான் பாத்திரத்தை எடுக்கவில்லை.

களியக்காவிளை டிரைவர்:
அக்கா, அந்த மாமா மாதிரி ஒருத்தன்தான் நானும். எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் லோடு இறக்கிவிட்டு நெய்யாற்றின்கரை பக்கம் கடையில் ஏறி "ஒரு விதவுட்" என்றால் சீனியில்லாத சாயா வந்துவிடும், ஏன் எதற்கு என்று ஒருத்தனும் கேட்க மாட்டான். அதே நான் வீட்டில் அம்மா அரை ஸ்பூன் குறைத்தால் டம்ளரைத் தள்ளி வைத்தவன். வெறும் வயிற்றில் சுகர் 210 என்று ரிப்போர்ட் வந்த அன்றைக்குத்தான் வாய் அடங்கியது. 2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வில் பெரியவர்களில் கேரளத்தில் 25.5 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று போட்டிருந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சாயா அங்க, சாப்பாடு இங்க. நீ எந்தக் கணக்குலடே?" என்றார்.

நகரிப் பக்கத்து டீச்சர்:
எங்கள் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டம் என்றால் கூல்டிரிங்க்ஸ்தான் மரியாதை. 250 மில்லி பாட்டிலின் லேபிளைக் கூட்டிப் பாருங்கள், சீனி 26 கிராமைத் தொடும். அந்த ஒன்றிலேயே நாள் கணக்கு முடிந்தது. வேண்டாம் என்றால் அந்த வீட்டம்மா முகம் வாடும். அதனால் நுழையும்போதே "மோர் இருக்காம்மா?" என்று நானே கேட்டுவிடுவேன்.

துணை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2013-ல் நந்தியால் மறைமாவட்டத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயர் ஆனார், தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) முதல் பெண் பேராயர். எங்கள் ஜெபக்கூட்டத்தில் அதை நான் அறிவித்ததும் ஒரு பாட்டி மெதுவாகக் கேட்டார்: "அப்போ அவங்களுக்கு டீ யாரு போடுவா?"

அக்கா, சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் பரவாயில்லையா?

பாறசாலை மருமகள்:
டீச்சர், அந்தப் பாட்டிக்கு என் வணக்கம்!

கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். ருசியும் மணமும் வேறு, சுகருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. எங்கள் ஊர் சரக்கு, அதனால் சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் அதுதான் நிஜம்.

கமிட்டி மாமா இப்போது மாமி பக்கத்தில் நிற்கிற ஞாயிறு ஒரு ஸ்பூன் போடுகிறார், நிற்காத ஞாயிறு மூன்று. மூன்று மாதமாக 2 கிலோ வாங்குகிற இடத்தில் ஒரு கிலோவே மிஞ்சுகிறது.

போன கூட்டத்தில் இன்னொன்றும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆண்கள் சாயா போடட்டும், நாங்கள் பிரசங்கத்தை முழுசாகக் கேட்கிறோம் என்று. கமிட்டியில் வைத்திருக்கிறார்களாம்.