முழுத் தொகையும் கட்டிவிட்டேன், ஆனாலும் 1,029 ரூபாய் வட்டி வந்திருக்கிறது. உதவுங்கள்

கடைமடை_76 · பிப்ரவரி 19, காலை 6.40
அவசரம். கிரெடிட் கார்டு பாக்கியை இந்த மாதம் ஒரு பைசா மிச்சமில்லாமல் கட்டிவிட்டேன். கார்டை அப்புறம் எங்கேயும் தேய்க்கவும் இல்லை. நேற்று ராத்திரி வந்த ஸ்டேட்மெண்டில் 1,029 ரூபாய் 35 காசு கட்டு என்று இருக்கிறது. கட்டாவிட்டால் சிபில், அதாவது கடன் மதிப்பெண், கெட்டுவிடுமா? கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு நிற்கிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

திருவாரூர்_கமலாலயம் · 7.02
ஆண்டுக் கட்டணமாக இருக்கும். எனக்கும் போன வருஷம் இப்படித்தான் திடீரென்று 590 வந்தது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு "கார்டை மூடிவிடுகிறேன்" என்று சொல்லுங்கள், தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

மன்னை_ஹரித்ரா · 7.10
எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ உங்கள் கார்டில் எடுத்திருக்கலாம். முதலில் கார்டை பிளாக் செய்யுங்கள். நம் கவனக்குறைவு இல்லாமல் வேறு யாரோ செய்த மோசடியை 3 வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நம் தலையில் விழாது, 2017 முதல் ரிசர்வ் வங்கி விதி அது. ஆனால் கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாதீர்கள். கார்டின் பின்னால் அச்சடித்திருக்கிறதே, அந்த எண்ணுக்கு மட்டும் பேசுங்கள். என் மாமா அப்படித் தேடி ஏமாந்தவர்.

வெண்ணாற்றங்கரை · 7.21
அண்ணே, ஒரு விவரமும் இல்லாமல் எப்படிச் சொல்வது? ஸ்டேட்மெண்ட் எந்தத் தேதி, கடைசித் தேதி எது, நீங்கள் கட்டிய தேதி எது? இது சாதாரண கார்டா, கிசான் கார்டா?

பாபநாசம்_கணக்கு (மூத்த உறுப்பினர்) · 7.48
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். கார்டு வாங்கத் தெரிந்தவருக்கு ஸ்டேட்மெண்டின் இரண்டாம் பக்கம் படிக்கத் தெரிய வேண்டாமா? 1,029 எதற்கு என்று வரி வரியாக அங்கே போட்டிருக்கும். அதை அப்படியே இங்கே தட்டச்சு செய்யுங்கள். மற்றவர்கள் அதுவரை ஊகம் சொல்லாமல் இருந்தால் நல்லது.

கடைமடை_76 · 11.15
மன்னிக்கவும், இப்போதுதான் தராசில் இருந்து வந்தேன். சாதாரண கார்டுதான். இரண்டு வரி இருக்கிறது. வட்டி 872.33. ஜிஎஸ்டி 157.02. ஸ்டேட்மெண்ட் 18ஆம் தேதி, கட்டக் கடைசி 7ஆம் தேதி. நான் பிப்ரவரி 6 அன்றே ஸ்டேட்மெண்டில் இருந்த 42,540 ரூபாயையும் சில்லறையையும் மொத்தமாகக் கட்டினேன்.

திருவாரூர்_கமலாலயம் · 11.20
ஆண்டுக் கட்டணத்தைச் சில வங்கி வேறு பெயரில் போடும். கேட்டுப் பாருங்கள்.

குடந்தை_வெற்றிலை · 11.34
இல்லை தம்பி, வட்டி என்றே போட்டிருக்கிறது. நான் வங்கியில் கார்டு பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜனவரியில் எவ்வளவு கட்டினீர்கள்?

கடைமடை_76 · 12.05
ஜனவரியில் கையில் காசு இல்லை அக்கா. சம்பா அறுப்புக்கு முன்னால் எங்கே இருக்கும். மினிமம் என்று போட்டிருந்த 2,100 மட்டும் 4ஆம் தேதி கட்டினேன். அதற்குத்தான் 2,640 வட்டி போட்டு ஜனவரி ஸ்டேட்மெண்டிலேயே வாங்கிவிட்டார்களே. அது முடிந்துபோன மாதம் என்று நினைத்துத்தான் முதலில் எழுதவில்லை. வாங்கியது டிசம்பர் 2. போர் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது, புது மோட்டார். 41,200 சொன்னார், கார்டு என்றதும் 800 சேர்த்து 42,000.

குடந்தை_வெற்றிலை · 12.40
சரி, இப்போது விளங்கிவிட்டது. வங்கி தப்பாகப் போடவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டிசம்பர் 18 ஸ்டேட்மெண்டில் 42,000 வந்திருக்கும். அதை ஜனவரி 7க்குள் முழுசாகக் கட்டியிருந்தால் ஒரு ரூபாய்கூட வட்டி கிடையாது. வாங்கிய நாளிலிருந்து 36 நாள் சும்மா கிடைத்த கடன் அது. மினிமம் கட்டிய உடனே அந்தச் சலுகை போய்விடும். போவதும் ஜனவரி 7இல் இருந்து இல்லை. டிசம்பர் 2, அதாவது கடையில் கார்டைத் தேய்த்த அந்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

உங்கள் தொகையைப் போட்டுப் பார்த்தேன். மாதம் மூன்றரை சதவீதம், வருஷத்துக்கு 42. ஒரு நாளைக்கு 48 ரூபாய் 33 காசு ஆகிறது. ஜனவரி 4 வரை 33 நாள். அப்புறம் மீதி 39,900க்கு ஒரு நாளைக்கு 45 ரூபாய் 91 காசு, ஜனவரி 18 வரை 14 நாள். இரண்டையும் கூட்டி 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் அந்த 2,640 சரியாக வருகிறது.

ஆனால் ஜனவரி 18 ஸ்டேட்மெண்டுக்கு அன்றைய தேதி வரைக்குமான வட்டிதான் தெரியும். நீங்கள் பணம் கட்டியது பிப்ரவரி 6. நடுவில் 19 நாள் 39,900 அவர்களுடைய பணமாகவே இருந்தது. 19 நாளுக்கு 872 ரூபாய் 33 காசு, ஜிஎஸ்டி 157. அதுதான் இப்போது வந்திருக்கும் 1,029. ஸ்டேட்மெண்ட் அச்சடித்த நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி, வால் மாதிரி பின்னாலேயே வரும்.

மோட்டார் உங்களுக்கு மொத்தம் 45,670 ஆகியிருக்கிறது. என் கவுண்டரில் இதைச் சொல்லும்போது எத்தனையோ பேர் முகம் வாடிப் பார்த்திருக்கிறேன். மினிமம் என்ற அந்த வார்த்தை "இவ்வளவு கட்டினால் போதும்" என்று ஆள்களை நம்ப வைக்கிறது. அது தாமதக் கட்டணத்தையும் சிபிலில் தவறியவர் என்ற பெயரையும் மட்டும்தான் தடுக்கும். வட்டியைத் தடுக்காது.

1,029ஐ இன்றே கட்டிவிடுங்கள். மார்ச் 18 ஸ்டேட்மெண்டில் பூஜ்யம் என்று பார்க்கும் வரை கார்டில் பெட்ரோல்கூடப் போட வேண்டாம். பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் எதற்கும் அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும். இனி எப்போதாவது இப்படி மாட்டிக்கொண்டால், கட்டப்போகும் நாளில் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு "இன்றைய தேதி வரை வட்டியோடு எவ்வளவு" என்று கேட்டுக் கட்டுங்கள்.

பாபநாசம்_கணக்கு · 1.10
இதைத்தான் நானும் சொன்னேன், இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது என்று.

வெண்ணாற்றங்கரை · 1.14
நீங்கள் படி என்று மட்டும்தான் சொன்னீர்கள். அக்கா நாள் கணக்கு போட்டுக் காட்டினார்.

கீழத்தஞ்சை_களம் · 1.30
மூணரை வட்டி! எங்கள் ஊரில் மூணு வட்டிக்கு விடுகிறவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயப்படுவோம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் தவணை தவறாமல் கட்டினால் வட்டியே கிடையாதே, அங்கே போயிருக்கலாமே?

கடைமடை_76 · 1.52
பயிர்க்கடன் சாகுபடிச் செலவுக்கு அண்ணே, மோட்டாருக்கு இல்லை. அதுவும் ஏற்கனவே வாங்கியாயிற்று. அடங்கல், சிட்டா என்று அலைந்து வருவதற்குள் கதிர் பால் பிடிக்காமல் பதராகிவிடும். அன்றைக்குக் கார்டு இல்லாவிட்டால் வீட்டம்மா தாலியைத்தான் கழற்றியிருப்பாள்.

மன்னை_ஹரித்ரா · 2.05
அந்த 800 ரூபாயை யாரும் பேசவில்லையே? கார்டுக்குக் கூடுதல் பணம் வாங்குவது கொள்ளை. மெஷின் கொடுத்த வங்கியோடு போட்ட ஒப்பந்தத்திலேயே அப்படி வாங்கக் கூடாது என்றுதான் இருக்கும்.

உரமூட்டை · 2.31
நான் உரக்கடை வைத்திருக்கிறேன். கொள்ளை என்று எழுதுவதற்கு முன்னால் எங்கள் பக்கம் கேளுங்கள். 42,000க்குக் கார்டு தேய்த்தால் வங்கிக்குப் போகும் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 840, அதற்கு ஜிஎஸ்டி 151. மறுநாள் என் கணக்கில் விழுவது 41,009. மூட்டைக்கு எங்களுக்கு நிற்கும் காசில் இது எங்கே இருந்து வரும்?

மன்னை_ஹரித்ரா · 2.40
அது தொழில் செலவு. கடை வாடகையை என் பில்லில் தனியாகவா போடுகிறீர்கள்?

உரமூட்டை · 2.47
வாடகை எல்லார் விலையிலும் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுக்கும் கூலிக்காரரும் உங்கள் ரிவார்டு பாயிண்டுக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா? யுபிஐயில் வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கொடுங்கள், 2020 முதல் அதற்கு எங்களிடம் கட்டணமே பிடிப்பதில்லை.

வெண்ணாற்றங்கரை · 3.02
ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்தால் 2,000 ரூபாய் வரை சின்னக் கடைக்காரருக்குக் கட்டணம் இல்லை. விசா, மாஸ்டர்கார்டு கிரெடிட் கார்டு அதில் சேராது.

பாபநாசம்_கணக்கு · 3.15
இழை மோட்டாரிலிருந்து உரக்கடைக்குப் போய்விட்டது. கூடுதல் கட்டணம் பற்றிப் பேச வேண்டுமானால் தனி இழை திறங்கள். கடைமடைக்கு ஒன்று சொல்ல வேண்டும், நான் கடுமையாக எழுதியது தப்பு. நானும் முதல் கார்டில் எட்டு மாதம் மினிமம் கட்டியவன்தான். அப்போது யாரும் எனக்கு இப்படி நாள் கணக்கு போட்டுக் காட்டவில்லை.

திருவாரூர்_கமலாலயம் · 3.40
அப்படியானால் ஆண்டுக் கட்டணம் இல்லையா?

கடைமடை_76 · இரவு 8.55
1,029.35 கட்டியாயிற்று. நன்றி அக்கா. கார்டை வீட்டம்மாவிடம் கொடுத்து பீரோவில் வைக்கச் சொல்லிவிட்டேன். இன்னும் முப்பது மூட்டை களத்தில் கிடக்கிறது, மேகம் வேறு கட்டுகிறது. போகிறேன்.

குடந்தை_வெற்றிலை · மார்ச் 20
தம்பி, 18ஆம் தேதி ஸ்டேட்மெண்ட் வந்ததா? பூஜ்யமா?

கடைமடை_76 · மார்ச் 27
பூஜ்யம் அக்கா.