ஆயுதமே இல்லாத சிப்பாய்கள் போரை நிறுத்தினார்களா? போகன்வில் பற்றி ஒரு சந்தேகம்

நெல்லை மாணவி

எம்.ஏ. அரசியல் அறிவியல், இரண்டாம் ஆண்டு. அடுத்த வாரம் வகுப்பில் சிறு தீவுகளின் பாதுகாப்பு பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும். கூடப் படிப்பவர்கள் சீனா, அமெரிக்கா, கடற்படைத் தளம் என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது பாப்புவா நியூ கினியின் போகன்வில் தீவு.

படித்துக்கொண்டே போனால், 1997 டிசம்பரில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஃபிஜி, வனுவாட்டு ஆட்கள் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க வந்து இறங்கினார்கள், ஒருவர் கையிலும் துப்பாக்கி இல்லை என்று இருக்கிறது. ஒன்பது வருடம் சண்டை நடந்த இடத்துக்கு வெறுங்கையோடு ராணுவமா? என் பேராசிரியர், "அச்சுப்பிழையாக இருக்கும், இன்னொரு தடவை பார்" என்கிறார். நிஜமா இது? நிஜமென்றால் எப்படி முடிந்தது? அந்தப் பக்கம் போனவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

சந்தேகப் பேர்வழி

அச்சுப்பிழை இல்லை. ஆனால் உருகிவிடாதீர்கள். அவர்களை ஏற்றி இறக்கியதும் சாமான் கொண்டுபோனதும் பெரும்பாலும் ஆஸ்திரேலியக் கப்பலும் விமானமும்தான். அதற்கு முன்னால் பாப்புவா ராணுவத்துக்கு ஹெலிகாப்டரும் ரோந்துப் படகும் கொடுத்தது யார்? அதே ஆஸ்திரேலியா. தெருவில் பெரிய அண்ணன் நிற்கும்போது தம்பி கையில் கம்பு எதற்கு? மண்ணுக்கடியில் செம்பு மட்டும் இல்லாமலிருந்தால் ஒருவனும் அந்தத் தீவை எட்டிப் பார்த்திருக்க மாட்டான்.

புக்கா கணக்கர்

பிள்ளை, நிஜம்தான். உங்கள் பேராசிரியருக்குத் தைரியமாகச் சொல்லுங்கள்.

நான் யாழ்ப்பாணத்து ஆள், தொழில் கணக்கு. 1999இல் தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்கு வேலைக்குப் போனேன். 2002இல் கொக்கோவும் கொப்பறையும் வாங்கும் ஒரு கம்பனி என்னைப் புக்காவுக்கு அனுப்பியது. புக்கா வடக்கே இருக்கும் சின்னத் தீவு. அதற்கும் போகன்வில் பெருந்தீவுக்கும் நடுவில் ஒடுங்கிய ஒரு கடல்வழி, ஆற்று வெள்ளம்போல இழுக்கும். ஃபைபர் படகில் சில நிமிடத்தில் அக்கரை.

சண்டை தொடங்கிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். பங்குனா செம்புச் சுரங்கம் 1972இல் திறந்தது. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் 40 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரு குழியிலிருந்து வந்தது. கழிவெல்லாம் ஜாபா ஆற்றில். நிலத்துக்காரர்களுக்குக் கிடைத்தது சொற்பம். 1988 கடைசியில் கிளர்ச்சித் தலைவர் பிரான்சிஸ் ஓனாவின் ஆட்கள் மின்கம்பங்களைத் தகர்த்தார்கள், 1989 மே மாதம் சுரங்கம் மூடியது, 1990இல் அரசு தீவைச் சுற்றித் தடை போட்டது. மருந்து இல்லை, டீசல் இல்லை. இறந்தவர் தொகையை 20,000 வரைக்கும் சொல்வார்கள். சூடு பட்டுச் செத்தவர்களைவிட மருந்தில்லாமல் செத்தவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

எங்கள் கம்பனி லொறிச் சாரதி தடைக்காலம் முழுக்கக் காட்டுக்குள் இருந்தவர். தேங்காயைத் துருவி, காய்ச்சி, வடித்து, அந்த எண்ணெயில் வண்டி ஓட்டினதாகச் சொன்னார். "பின்னால் வருகிறவனுக்குப் பசியெடுக்கும், புகை அப்படி வாசம்" என்பார். நாங்கள் ஊரில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய கதையை, கிளப்புவதற்கு மட்டும் நாலு சொட்டு பெற்றோல் விட்டதை, நான் சொன்னேன். லொறியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் மறைத்துக் கதைத்ததில்லை.

இப்போது உங்கள் கேள்வி. துப்பாக்கியோடும் ஒரு தடவை வந்து பார்த்தார்கள், அதை விட்டுவிடாதீர்கள். 1994 ஒக்டோபரில் அராவா ஊரில் சமாதான மாநாடு. காவலுக்குத் தொங்கா, ஃபிஜி, வனுவாட்டுப் படைகள், ஆயுதத்தோடு. கிளர்ச்சித் தலைவர்கள் வரவேயில்லை. தங்களைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். கொஞ்ச நாளில் படை மூட்டை கட்டியது.

அப்புறம் 1997இல் பிரதமர் ஜூலியஸ் சான் 36 மில்லியன் அமெரிக்க டொலருக்கு சாண்ட்லைன் என்ற கூலிப்படையைப் பேசினார். அவருடைய சொந்தத் தளபதி ஜெரி சிங்கிரோக்கே கூலிப்படையைப் பிடித்து வெளியேற்றினார். சான் பதவியை விட்டு ஒதுங்கினார், தேர்தலிலும் தோற்றார். அடித்து முடிக்கலாம் என்ற எண்ணம் மோர்ஸ்பியில் அத்தோடு செத்தது. காட்டுக்குள்ளும் களைப்பு, போகன்வில்காரரே இரண்டு பக்கமாகப் பிரிந்து ஒருவரையொருவர் கொன்ற காலம் அது. நியூசிலாந்தின் பேர்ண்ஹாம் முகாமில் முதலில் போகன்வில்காரர் தங்களுக்குள்தான் இருந்து கதைத்தார்கள். அதற்குப் பிறகே அரசோடு.

கண்காணிப்பாளர் வெறுங்கையோடு வந்ததற்கு அர்த்தம், அவர்கள் உயிருக்கு இரண்டு தரப்பும் பொறுப்பு என்பது. என் சாரதி சொன்னது இதுதான்: "துவக்கோடு வந்தால் அவன் இன்னொரு ஆமி. வெறுங்கையோடு வந்தால் விருந்தாளி. விருந்தாளிக்கு ஏதும் நடந்தால் என் குலத்துக்கு வெட்கம்." கித்தாரோடு வந்தார்கள், நியூசிலாந்தின் மவோரிச் சிப்பாய்கள் பாடினார்கள், ஊர் ஊராக நடந்தார்கள். குழுக்களில் பெண்களும் இருந்தார்கள். அங்கே பெரும்பாலான இடங்களில் காணி தாய்வழியில் போவது. பெண்களோடு கதைக்காமல் ஒரு ஊரின் சம்மதத்தை வாங்க முடியாது. 2003 நடுப்பகுதியில் போகும்வரை அவர்களில் ஒருவரையும் யாரும் சுட்டுக் கொல்லவில்லை.

அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் பெல் இஸி. அங்கே பொதுவாகப் பேசும் டோக் பிசின் மொழியில் சமாதானம். பிரித்தால் பெல் என்பது வயிறு, இஸி என்பது இலகு. கோபம் வந்தால் பெல் ஹாட், வயிறு சூடு. கவலை என்றால் பெல் ஹெவி. வயிற்றெரிச்சல், வயிற்றில் பால் வார்த்த மாதிரி என்றெல்லாம் கதைக்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கப்பல்காரன்

தூத்துக்குடி. கப்பலில் செகண்ட் இன்ஜினியர், சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். மாணவி, போகன்வில்லை மட்டும் பேசினால் பாதிக் கதை. தெற்கு முனையில் நின்று பார்த்தால் சாலமன் தீவுகளின் ஷார்ட்லண்ட் தெரியும். ஒரே சனம், நடுவில் கோடு போட்டது ஜெர்மனியும் பிரிட்டனும்.

அந்த சாலமனுக்கு 2003 ஜூலை 24 அன்று ராம்சி என்ற, ஆஸ்திரேலியா தலைமையிலான பன்னாட்டுப் படை போனது ஆயுதத்தோடு. விடிந்தபோது ஹோனியாராவுக்கு எதிரே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் நின்றது. இரண்டாயிரம் பேருக்கு மேல். துப்பாக்கிகளை வாங்கி உடைத்தார்கள், நன்றாகவே முடிந்தது. 2017 வரைக்கும் இருந்தார்கள். ஆனால் 2021 நவம்பரில் சைனாடவுன் மறுபடி எரிந்தது, 2022இல் அரசு சீனாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டது, கான்பெராவுக்குத் தூக்கம் போனது. துப்பாக்கியைப் பிடுங்கலாம், வேலையும் நிலமும் இல்லாத பையனை என்ன செய்வது?

நெல்லை மாணவி

இரண்டு பேருக்கும் நன்றி. கணக்கர் ஐயா, கேட்கலாமா என்று தெரியவில்லை. இலங்கையிலும் நார்வே ஏற்பாட்டில் வந்த கண்காணிப்பாளர்களிடம் ஆயுதம் கிடையாதே. அங்கே ஏன் நிற்கவில்லை?

புக்கா கணக்கர்

கேட்கலாம் பிள்ளை. புக்காவில் இருந்தபோது நானே இரவிரவாகக் கேட்டுக்கொண்ட கேள்வி. 2002இல் ஊரில் போர்நிறுத்தம் வந்தது, நான் அங்கே சமாதானம் எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெறுங்கையால் மட்டும் ஒன்றும் நடக்காது. போகன்வில்லில் 2001 ஓகஸ்ட் 30 ஒப்பந்தத்தில் மூன்று விஷயத்தை ஒன்றோடொன்று கட்டினார்கள்: தன்னாட்சி, ஆயுத ஒப்படைப்பு, சுதந்திரம் பற்றிய வாக்கெடுப்பு. தன்னாட்சி அரசு வந்து 10 வருடத்துக்குப் பிறகு, 15 வருடத்துக்குள் வாக்கெடுப்பு என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். காத்திருக்கிறவனுக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்தது. எங்களிடம் கண்காணிப்பாளர் இருந்தார்கள், சண்டை முடிந்தால் என்ன வரும் என்பதில் உடன்பாடு இல்லை. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்த பிறகு சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆட்கள் போனார்கள். 2008 ஜனவரியில் முழுக்க முடிந்தது. நோர்வேயை மட்டும் குறை சொல்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை, ஆனால் ஒத்துக்கொள்வதுமில்லை.

போகன்வில்லில் ஆயுதம் எப்படி வைத்தார்கள் என்று சொல்கிறேன், இதை உங்கள் பேச்சில் சேருங்கள். முதலில் பெட்டி, பிறகு கொள்கலன். கொள்கலனுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி உள்ளூர்த் தளபதியிடம், மற்றது ஐ.நா.வின் சிறிய அலுவலகத்திடம். அதன் தலைவர் நோயல் சின்கிளேர், கயானாக்காரர், அவரும் ஒரு சின்ன நாட்டு ஆள். இருவரும் சேராமல் திறக்க முடியாது. பின்னால் ஏறத்தாழ 2,000 ஆயுதங்களை அழித்தார்கள்.

கொக்கோ எடைபோடப் போன ஓர் ஊரில் அப்படியொரு தளபதியைப் பார்த்தேன். சாவியை நைலோன் கயிற்றில் கழுத்தில் போட்டிருந்தார். பெட்டகச் சாவியை அம்மம்மா இடுப்பில் செருகியிருப்பாவே, அதே பத்திரம். எனக்குப் பச்சைப் பாக்கு தந்தார். அங்கே வெற்றிலை இல்லை, அந்தக் கொடியின் காயைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடிப்பார்கள். தலை சுற்றியது. பக்கத்தில் இருந்து அதே பாக்கை மென்றவர், சண்டையில் எதிர்ப்பக்கம் நின்றவராம். நஞ்சு வைக்க மாட்டான் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பகையாளி கையால் பாக்கு வாங்குவார்கள் என்று சாரதி வரும் வழியில் சொன்னார்.

சந்தேகப் பேர்வழிக்கும் ஒரு பதில். செம்பு பற்றி நீர் சொன்னது சரி. ஆஸ்திரேலியாவில் இருக்கிற சுரங்கக்காரன் பங்குனாவை மறந்ததேயில்லை. ஓனாவும் கடைசிவரை ஒப்பந்தத்துக்கு வரவில்லை. பங்குனாப் பாதையில் தன் தடையரண்களை வைத்துக்கொண்டே 2005இல் இறந்தார். ஆனால் 2019 வாக்கெடுப்பில் 176,928 பேர் சுதந்திரம் என்றும் 3,043 பேர் கூடுதல் தன்னாட்சி என்றும் போட்டார்கள், துவக்குச் சத்தம் கேட்கவில்லை. இப்போதைய தலைவர் இஷ்மாயில் தொரோவாமா முன்பு கிளர்ச்சிப் படைத் தளபதி. சுதந்திரத்துக்கு 2027 செப்டம்பர் 1 என்று நாளும் குறித்திருக்கிறார்கள். முடிவு சொல்ல வேண்டியது மோர்ஸ்பிப் பாராளுமன்றம். அங்கேதான் இழுபடுகிறது.

பிள்ளை, வகுப்பில் பெல் இஸி என்று சொல்லும்போது ஈசி என்று இழுக்காதீர்கள், குறுக்கிச் சொல்லுங்கள். என் சாரதி என்னை மூன்று மாதம் திருத்தினார்.